தயிர் பற்றீரியா சீனியை எப்பிடி எடுக்குது, எடுத்து என்ன செய்யுது? அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நம்மட ஊர்ல தயிர் பத்திக் கதைக்க ஆள் தேட வேண்டியதில்ல, படுவான்கரை எருமத்தயிர் நல்லமா பசுத்தயிர் நல்லமா எண்டு ஆராவது தொடங்கிவிட்டாப் போதும், விடிய விடியக் கதைப்பாங்க. ஆனா சட்டிக்குள்ள என்னதான் நடக்குது எண்டு கேட்டா "கிருமி புளிக்க வைக்குது" எண்டதோட கதை நிண்டுடும். அந்தக் கிருமி சீனியை எந்த வழியால உள்ள எடுக்குது, எந்தப் பாதியை வச்சிக்கொள்ளுது, எதை வெளிய தள்ளுது எண்டு பாத்தீங்கண்டா தயிர் உறையிறது, தோசமா பொங்குறது, கள்ளு நூலா இழுபடுறது எல்லாத்துக்கும் விடை அதுக்குள்ளதான் கிடக்கு. ஏ.எல். பயோ படிக்கிற பிள்ளைகள், வீட்டில உறை ஊத்துற அக்காமார், சீனி வருத்தம் உள்ள பெரியாக்கள் எண்டு பலபேர் கேட்டதுகளைச் சேத்து இதில எழுதியிருக்கன்.

பற்றீரியா பாலைத் தின்னுதா, பால்ல உள்ள சீனியைத் தின்னுதா?

சீனியைத்தான். பால்ல கொழுப்பு இருக்கு, புரதம் இருக்கு, புரதத்தில கொஞ்சத்தை வெட்டி எடுத்துத் தன்ட உடம்பைக் கட்டிக்கொள்ளும், ஆனா உயிர்வாழ வேண்டிய சக்தி அதுக்கு லக்டோசுல இருந்துதான் வருது. ஒரு லீற்றர் பால்ல கிட்டத்தட்ட 48 கிராம் லக்டோசு இருக்கு, பசு எண்டாலும் எரும எண்டாலும் அதில பெரிய வித்தியாசம் இல்ல. எருமப்பால்ல கூடிக் கிடக்கிறது கொழுப்பும் புரதமும், அதாலதான் எருமத்தயிரைக் கரண்டியால வெட்டி எடுத்தா வெட்டின பள்ளம் சரியாம அப்பிடியே நிக்கிறது.

லக்டோசு எண்டது குளுக்கோசும் கலக்டோசும் ஒண்டோட ஒண்டு ஒட்டின இரட்டைச் சீனி. இதை மனசில வச்சிக்கொள்ளுங்க, கீழ சொல்லப்போற பாதிக் கதை இந்த ஒட்டு எங்க, எப்ப உடையுது எண்டதுலதான் இருக்கு.

48 கிராம் சீனி இருந்தா பால் ஏன் அவ்வளவு இனிக்கிறதில்ல?

லக்டோசுட இனிப்பு நாம தேத்தண்ணிக்குப் போடுற சீனியில ஐந்தில ஒரு பங்கு அளவுதான். நாக்குக்குத் தெரியாட்டியும் பற்றீரியாவுக்குத் தெரியும்.

சரி, இந்தச் சீனி எப்பிடிக் கலத்துக்குள்ள போகுது? தண்ணியோட சேந்து ஊறிப் போகுதா?

ஊறிப் போகாது. கலமென்சவ்வு கொழுப்பால ஆனது, சீனி தண்ணியில கரையிற சாமான், தானாப் போக ஏலாது. சவ்வுல பதிஞ்சிருக்கிற புரதங்கள் இருக்கு, அதுகள் வாசல் மாதிரி, ஒவ்வொரு வாசலும் குறிப்பிட்ட சீனிக்குத்தான் திறக்கும், சும்மாவும் திறக்காது, ஏதாவது ஒரு வழியில சக்தி செலவாகணும். லக்டிக் பற்றீரியாக்கள்ல, அதாவது சீனியை லக்டிக் அமிலமாக்குற இந்தக் கிருமிகள்ல, இந்த வாசல் மூண்டு மாதிரி இருக்கு.

முதலாவது, சீனியை உள்ள எடுக்கும்போதே அதுல ஒரு பொஸ்பேற்றைக் குத்தி விடுற முறை. இதை முதல்ல 1964ல சோல் ரோஸ்மன் எண்டவர்ட குழு ஈ.கோலை பற்றீரியாவில கண்டுபிடிச்சாங்க, லக்டிக் பற்றீரியாக்கள்ல கனக்க இனங்களுக்கும் இது இருக்கு. பாருங்க, எவ்வளவு வடிவான வேலை எண்டு: கலத்துக்குள்ள பொஸ்போஈனோல்பைருவேற்று எண்டு ஒரு சேர்வை இருக்கு, பி.ஈ.பி. எண்டு சுருக்கிச் சொல்லுவம், அதுல இருக்கிற பொஸ்பேற்று முதல்ல 'நொதியம் 1' எண்டு பேர் வச்ச நொதியத்துக்குப் போகுது, அதுல இருந்து எச்.பி.ஆர். எண்ட சின்னப் புரதத்துக்கு, அதுல இருந்து 'நொதியம் 2' எண்டதுட ஏ பகுதிக்கு, மறுகா பி பகுதிக்கு, கடைசியில சவ்வுக்குள்ள இருக்கிற சி பகுதி வழியா உள்ள வந்துகொண்டிருக்கிற சீனியில போய் ஏறுது. பொஸ்பேற்று ஏறின சீனிக்கு மின்னேற்றம் வந்துடும், அதால அது திரும்பிச் சவ்வைத் தாண்டி வெளிய போக ஏலாது, உள்ளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மற்றப்படி உள்ள எடுக்க ஒரு செலவு, உள்ள வந்த பிறகு பொஸ்பேற்று ஏத்த இன்னொரு செலவு எண்டு இரண்டு தரம் செலவழிக்க வேண்டியது இஞ்ச ஒரே செலவோட முடியுது. சக்தி குறைவா உழைக்கிற கலத்துக்கு இது பெரிய லாபம்.

இரண்டாவது, பெர்மியேஸ் எண்ட வகை. சவ்வுக்கு வெளிய ஐதரசன் அயன் கூட, உள்ள குறைவு, அந்த அயன் உள்ள வரப் பாக்கிற உந்தலைப் பாவிச்சுச் சீனியும் சேந்து உள்ள வரும். இதுல ஒரு விசேசமான ஆள் இருக்கு, லக்எஸ் எண்டு பேர், தயிர் செய்யிற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோஃபிலஸ்ட சவ்வுல இருக்கிறது. அது ஒரு லக்டோசை உள்ள எடுக்கும்போது ஒரு கலக்டோசை வெளிய விடும். உள்ள இருக்கிற கலக்டோசு வெளிய போகத் துடிக்கிற அந்த வேகத்திலயே புது லக்டோசு உள்ள வந்துடும், அந்த மாத்துக்கு வேற செலவே இல்ல.

மூண்டாவது வகை, கலத்துட சக்திக்காசான ஏடீபீயை நேரடியா உடைச்சு இழுக்கிறது. மோற்றோசு, ரபினோசு போல சில சீனிகளுக்கு சில இனங்கள் இதைப் பாவிக்கும். செலவு கூடின வழி.

உள்ள போன லக்டோசுக்கு என்ன நடக்குது?

எந்த வாசலால வந்தது எண்டதைப் பொறுத்தது.

லக்டோகொக்கஸ் லக்டிஸ், அதாவது சாதாரண வெக்கையில பாலைப் புளிக்க வைக்கிற இனம், பொஸ்பேற்று குத்துற வாசலால எடுக்கும். அதால உள்ள வாறது லக்டோசு பொஸ்பேற்று. அதை உடைச்சா ஒரு பக்கம் குளுக்கோசு, மற்றப் பக்கம் கலக்டோசு பொஸ்பேற்று. குளுக்கோசு நேரா கிளைக்கோப்பகுப்புக்கு, அதாவது குளுக்கோசை உடைச்சுச் சக்தி எடுக்கிற பாதைக்குப் போகும், கலக்டோசு பொஸ்பேற்று டகடோசு பொஸ்பேற்று எண்ட வழியால சுத்திப் போய் அதே கிளைக்கோப்பகுப்புலதான் இடையில சேரும். இரண்டு பாதியும் பாவிச்சு முடிச்சிடும், மிச்சம் இல்ல.

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தேர்மோஃபிலசும் லக்டோபசிலஸ் பல்காரிக்கசும், அதாவது யோகட்ல போடுற சோடி, லக்டோசை அப்பிடியே பொஸ்பேற்று இல்லாம எடுத்து பீற்றா கலக்டோசிடேசு எண்ட நொதியத்தால இரண்டா உடைக்கும். குளுக்கோசை வச்சிக்கொள்ளும், கலக்டோசை இதுகள்ல முக்கால்வாசி வகைகள் வெளிய தள்ளிவிடும். கலக்டோசைப் பாவிக்கிறதுக்கான மரபணுக்கள் தேர்மோஃபிலசுக்கு இருக்கு, ஆனா பால்ல வளரும்போது கூடுதலானதுகள்ல அது சரியா வேலை செய்யிறதில்ல. லக்டோசு நிறையக் கிடக்கிற இடத்தில கலக்டோசோட மினக்கெடத் தேவையும் இல்ல, அதோட நான் மேல சொன்ன மாதிரி அந்தக் கலக்டோசை வெளிய விட்டாத்தான் அடுத்த லக்டோசு செலவில்லாம உள்ள வரும்.

இன்னொண்டு, எந்தப் பற்றீரியாவும் குளுக்கோசைத்தான் முதல்ல எடுக்கும் எண்டு படிச்சிருப்பீங்க, தேர்மோஃபிலஸ் அதுக்கு மாறு. குளுக்கோசும் லக்டோசும் இரண்டும் இருந்தா அது லக்டோசைத்தான் விரும்பும். பாலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையா வாழ்ந்து வந்த இனம், பாலுக்கெண்டே மாறிப்போச்சு.

குளுக்கோசுல இருந்து லக்டிக் அமிலம் வரைக்கும் என்ன நடக்குது? ஏன் அமிலமாக்க வேணும்?

ஏ.எல். பிள்ளைகளுக்கு இது தெரிஞ்ச பாதைதான். ஒரு குளுக்கோசு உடைஞ்சு இரண்டு பைருவேற்று, நிகர லாபம் இரண்டு ஏடீபீ. ஆனா அந்த வழியில என்ஏடீ எண்ட துணைநொதியம் ஐதரசனை வாங்கி என்ஏடீஎச் ஆயிடும், அதைத் திரும்ப வெறுமையாக்காட்டி அடுத்த குளுக்கோசை உடைக்க ஏலாது, பாதையே அடைபட்டுப் போகும். நம்மட கலத்தில அந்த ஐதரசனைக் கடைசியில ஒட்சிசன் வாங்கிக்கொள்ளும். லக்டிக் பற்றீரியாவால அதுக்கு வேண்டிய ஹீம் எண்ட இரும்புச் சேர்வையைச் செய்ய ஏலாது, அதால ஐதரசனை ஒட்சிசன் வரைக்கும் கடத்துற சுவாசச் சங்கிலி ஓடாது, பைருவேற்றுட தலையிலதான் அந்த ஐதரசனைக் கட்டவேணும். கட்டின உடனே அது லக்டேற்று, அதாவது லக்டிக் அமிலம். ஆக அமிலம் எண்டது அதுக்கு வேண்டிய பொருளே இல்ல, என்ஏடீயை மீட்கிறதுக்காக வெளிய தள்ளுற கழிவு, அந்தக் கழிவுலதான் நமக்குத் தயிர் கிடைக்குது.

நம்மட கலம் ஒரு குளுக்கோசுல 30 சொச்சம் ஏடீபீ எடுக்கும்போது இதுக்கு வெறும் இரண்டு. அதால வேகத்தைக் கூட்டித்தான் பிழைக்கவேணும், மளமளவெண்டு சீனியை உள்ள எடுத்து மளமளவெண்டு அமிலத்தை வெளிய விடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாமான் ஒரு இரவுக்குள்ள ஒரு சட்டிப் பாலைப் புளிக்க வைக்கிறது இதாலதான். பால் புளிக்கிறதுக்கு உயிருள்ள ஒண்டு காரணம் எண்டு 1857ல லூயி பாஸ்டர் பிரான்ஸ்ல லீல் நகரத்தில எழுதினார், லக்டிக் அமிலத்தை அதுக்கும் முதலே 1780ல ஷீலே எண்ட சுவீடன் இரசாயனவியலாளர் புளிச்ச பால்ல இருந்து பிரிச்சிட்டார்.

பால் ஏன் உறையுது?

நல்ல பால்ட பீஎச், அதாவது புளிப்பைக் காட்டுற அளவு (குறையக் குறையப் புளிப்புக் கூட), 6.6, 6.7 அளவு. லக்டிக் அமிலம் கூடக் கூட அது இறங்கும், 4.6க்குக் கிட்ட வரும்போது கேசீன் புரதத்துட மின்னேற்றம் இல்லாமப் போய் ஒண்டோட ஒண்டு பிடிச்சு வலை மாதிரி ஆயிடும், தண்ணியும் கொழுப்பும் அதுக்குள்ள மாட்டுப்படும். பாலை முதல்ல நல்லாக் காய்ச்சுறதுக்கும் இதுல பங்கு இருக்கு. காய்ச்சினா மோர்ப்புரதம் அவிழ்ந்து கேசீனோட போய் ஒட்டும், தயிர் இறுகும், அதோட போட்டிக்கு நிக்கிற மற்றக் கிருமிகளும் செத்துடும், ஒட்சிசனும் வெளியேறும். மண்சட்டி தன் பங்குக்குக் கொஞ்சம் தண்ணியை உறிஞ்சிக்கொள்ளும்.

இரவு முழுக்க வச்சா எல்லாச் சீனியும் முடிஞ்சிடுமா?

முடியாது. நிறைய மிஞ்சும், ஏனெண்டா சீனி முடியிறதுக்கு முதல் பற்றீரியா தானே நிண்டுடும். லக்டிக் அமிலம் வெளிய சேரச் சேர அதுல ஒரு பங்கு ஐதரசன் அயனைப் பிரிக்காம முழு மூலக்கூறாவே இருக்கும், அந்த வடிவத்தில அது சவ்வைத் தாண்டித் திரும்ப உள்ள போகும், போய் உள்ளுக்குப் பிரிஞ்சு கலத்தையே புளிக்க வைக்கும். அந்த அயனைத் திரும்ப வெளிய இறைக்க ஏடீபீ செலவாகும், கிடைக்கிறதே இரண்டு, அதுவும் இறைக்கிறதுக்கே போனா வளர எங்க மிச்சம்? லக்டிக் அமிலத்துட பீகேஏ, அதாவது பாதி பிரிஞ்சும் பாதி பிரியாமலும் நிக்கிற பீஎச், 3.86, அதுக்குக் கிட்டப் போகப் போக நிலைமை மோசமாகும். அமிலத்தைக் கூடத் தாங்குற பல்காரிக்கஸ் மற்றதுகள் நிண்ட பிறகும் கொஞ்சம் இழுக்கும், நாள்பட்ட தயிர் கூடப் புளிக்கிறதுக்கு அதும் ஒரு காரணம்.

கணக்குப் போட்டுப் பாப்பம். யோகட் சோடி போட்ட ஒரு லீற்றர் தயிர்ல 8 கிராம் லக்டிக் அமிலம் சேந்திருக்கு எண்டு வைங்க. கலக்டோசு வெளிய போறதால ஒரு லக்டோசுக்கு இரண்டு லக்டிக் அமிலம்தான், நிறைக்கணக்கில 342க்கு 180. அப்ப 8 கிராம் அமிலத்துக்கு உடைஞ்ச லக்டோசு 15 கிராம் அளவு. 48ல 15 போனா 33 கிராம் லக்டோசு அப்பிடியே கிடக்கு, அதோட 8 கிராம் கலக்டோசும் புதுசா வந்து நிக்குது.

அப்ப சீனி வருத்தம் உள்ளவங்க "புளிச்ச தயிர்தானே, சீனி இல்ல" எண்டு சாப்பிடலாமா?

சீனி இல்ல எண்டு நினைச்சுச் சாப்பிடக்கூடாது, மேல போட்ட கணக்கே அதைச் சொல்லுது. 100 கிராம் தயிர்ல கிட்டத்தட்ட 4 கிராம் சீனி வகை இருக்கும். ஆனா அது பெரிய அளவும் இல்ல, தயிரால வாற பிரச்சினையை விடத் தயிருக்கு மேல நாம ஊத்துறதால வாற பிரச்சினைதான் பெரிசு. ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணியில அந்த 100 கிராம் தயிர்ல உள்ளதை விட எவ்வளவோ கூடச் சீனி கிடக்கு, நாம ஒரு கரண்டியோட நிக்கிற ஆக்களும் இல்லத்தானே. வெறும் தயிரைச் சோத்தோடயோ வெள்ளரிக்காய் வெட்டிப் போட்டோ சாப்பிடுங்க, எவ்வளவு சாப்பிடலாம் எண்டதை உங்கட கிளினிக்ல கேட்டு முடிவெடுங்க.

இதோட ஒரு முக்கியமான விசயம், கலக்டோசீமியா எண்டு பிறப்பிலேயே வாற ஒரு அரிய நோய் இருக்கு, கலக்டோசை உடம்பு பாவிக்க ஏலாது. அப்பிடிப் பிள்ளைகளுக்குத் தயிர் பாலை விடப் பாதுகாப்பு எண்டு நினைச்சுக் குடுத்திடாதீங்க.

எனக்குப் பால் குடிச்சா வயிறு ஊதுது, தயிர் சாப்பிட்டா ஒண்டுமில்ல. ஏன்?

வளந்த பிறகு கனபேருக்குச் சிறுகுடல்ல லக்டேசு நொதியம் குறைஞ்சிடும், நம்மட பக்கம் இது சாதாரணம், வருத்தம் எண்டு பயப்படத் தேவையில்ல. உடைபடாத லக்டோசு பெருங்குடலுக்குப் போய் அங்க இருக்கிற பற்றீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும், அதால காத்து, வயித்தோட்டம். தயிர்ல முதலாவது லக்டோசு குறைஞ்சிருக்கு, இரண்டாவது, பற்றீரியாட கலத்துக்குள்ள அதுட பீற்றா கலக்டோசிடேசும் இருக்கு. அந்தக் கலம் வயித்து அமிலத்தைத் தாண்டிச் சிறுகுடலுக்கு வந்து பித்தநீர்ல உடைஞ்சு அந்த நொதியத்தை அங்க வெளிய விடும், அது உங்களுக்காக மிச்ச லக்டோசை உடைச்சுக் குடுக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010ல இதை ஏத்துக்கொண்டது, ஒரு கிராம்ல ஆகக் குறைஞ்சது 10 கோடி உயிருள்ள யோகட் பற்றீரியா இருக்கவேணும் எண்ட நிபந்தனையோட. அதால தயிரைக் கொதிக்க வச்சுக் கறியில ஊத்திச் சாப்பிட்டா இந்தப் பலன் பெரிசாக் கிடைக்காது.

தோசமா பொங்குது, தயிர் பொங்குறதில்லையே. இரண்டும் லக்டிக் பற்றீரியாதானே?

ஓம், ஆனா பாதை வேற. தயிர்ல இருக்கிறதுகள் குளுக்கோசைச் சரி பாதியா உடைக்கும், ஆறு காபன் மூண்டும் மூண்டுமா, வாயு வராது. தோசமாவிலயும் இட்லிமாவிலயும் வாற லியூகோனொஸ்டொக் மெசன்ரோயிடிஸ் அப்பிடி உடைக்கிற முக்கிய நொதியமான அல்டோலேசு இல்லாத கூட்டம். அது வேற வழியில போகும்: குளுக்கோசு பொஸ்பேற்றுல இருந்து முதல்ல ஒரு காபனை காபனீரொட்சைட்டாக் கழட்டும், மிஞ்சின ஐந்து காபன் சீனியை பொஸ்போகீற்றோலேசு எண்ட நொதியம் மூண்டும் இரண்டுமா வெட்டும், மூண்டு காபன் துண்டு லக்டிக் அமிலமாகும், இரண்டு காபன் துண்டு எதனோலாவோ அசற்றிக் அமிலமாவோ போகும். லாபம் ஒரு ஏடீபீதான். அந்தக் கழண்ட காபனீரொட்சைட்டுத்தான் உழுந்துட பசைக்குள்ள சிறைப்பட்டு மாவைத் தூக்குது.

விடியக் காலம சட்டியைத் திறந்து மாவைக் கரண்டியால மெதுவா விலக்கிப் பாருங்க, மேல தெரியிற குமிழியை விட உள்ளுக்குள்ள கண்ணறை கண்ணறையா எவ்வளவு இருக்கு எண்டு தெரியும், மூக்கைக் கிட்டக் கொண்டு போனா வெறும் புளிப்பு மணம் மட்டும் வராது, கொஞ்சம் உறைப்பான ஒரு வாசமும் வரும், அசற்றிக் அமிலமும் எதனோலும் சேந்தது. மதுவமும் சேந்து வேலை செய்யிற மாக்கள் இருக்கு, அப்பத்துக்குக் கள்ளு ஊத்துறது அதுக்குத்தான்.

மாறி, தயிர்ல குமிழி கண்டீங்கண்டா, அல்லது சட்டிக் கடுதாசி உப்பி நிண்டா, வேற ஏதோ உள்ள போயிருக்கு எண்டுதான் அர்த்தம். மதுவமா இருக்கலாம், அழுக்குத் தண்ணியில வாற குடல் பற்றீரியாவாகவும் இருக்கலாம். கொட்டிடுங்க.

அரிசியில உள்ளது மாப்பொருள், அதை எப்பிடித் தின்னுது?

கூடுதலான லக்டிக் பற்றீரியாவால மாப்பொருளை உடைக்க ஏலாது, சில இனங்களால மட்டும்தான் ஏலும். தானியத்துக்குள்ளேயே இருக்கிற நொதியங்கள் ஊறப்போடும்போது கொஞ்சம் மாப்பொருளை மோற்றோசாவும் குளுக்கோசாவும் உடைச்சு விடும், அரைச்சா இன்னும் கெதியா நடக்கும், அதைத்தான் பற்றீரியா எடுக்குது. மோற்றோசை உடைக்கிறதுலயும் சில இனங்கள் கெட்டிக்காரத்தனமா, தண்ணியைப் போட்டு உடைக்காம பொஸ்பேற்றைப் போட்டு உடைக்கும், அப்ப கிடைக்கிற இரண்டு குளுக்கோசுல ஒண்டுல பொஸ்பேற்று ஏறியே இருக்கும், ஒரு ஏடீபீ மிச்சம். ஒரு குளுக்கோசுக்கு ஒரு ஏடீபீ எண்டு உழைக்கிற கூட்டத்துக்கு அது சின்னக் காசு இல்ல.

உழுந்துல ரபினோசு, ஸ்டக்கியோசு எண்ட சீனிகள் இருக்கு, பருப்புச் சாமான் சாப்பிட்டா வயித்தில காத்து வாறது இதுகளாலதான், நம்மட குடல்ல அதை வெட்டுற நொதியம் இல்ல. லக்டோபசிலஸ் கூட்டத்தில பிளான்டாரம், ஃபெர்மென்டம் போன்ற இனங்களுக்கு அதை வெட்டுற ஆல்பா கலக்டோசிடேசு இருக்கு, மா புளிக்கும்போதே அதுல ஒரு பகுதியைத் தின்டு முடிச்சிடும். நல்லாப் புளிச்ச தோச வயித்துக்கு லேசு எண்டு பெரியாக்கள் சொல்லுறது சரியான கதை.

கள்ளு சில நேரம் நூல் மாதிரி இழுபடுது. அதும் இதானா?

அதேதான், ஆனா இஞ்ச வேலை கலத்துக்கு வெளிய நடக்குது. தென்னம்பாளையில இருந்து வாற சாறுல 10 முதல் 15 வீதம் அளவில சுக்குரோசு இருக்கு. லியூகோனொஸ்டொக் டெக்ஸ்ரான்சுக்கிரேசு எண்ட நொதியத்தை வெளிய விடும், அது சுக்குரோசை உடைச்சு குளுக்கோசை ஒண்டோட ஒண்டு கோத்து டெக்ஸ்ரான் எண்ட நீளச் சங்கிலி செய்யும், புரக்டோசு தனியாப் பிரியும். சங்கிலி கோக்க வேண்டிய சக்தி சுக்குரோசுட பிணைப்பு உடையிறதுல இருந்தே வருது, ஏடீபீ தேவையில்ல. இந்த டெக்ஸ்ரான்தான் வழுவழுப்பு, சீனித் தொழிற்சாலைகள்ல கரும்புச்சாறு கெட்டியாகிக் குழாய் அடைக்கிறதும் இதாலதான், ஆஸ்பத்திரியில இரத்தத்துட அளவு குறைஞ்ச ஆக்களுக்கு ஏத்துற டெக்ஸ்ரான் சேலைனும் இதே பற்றீரியாட உழைப்பு.

பிரிஞ்ச புரக்டோசை அது உள்ள எடுத்து மனிற்றோலாக்கும். புரக்டோசு ஐதரசனை வாங்கிக்கொள்ளுறதால இரண்டு காபன் துண்டு எதனோலாகத் தேவையில்ல, அசற்றேற்றாப் போகும், அதுல இன்னொரு ஏடீபீ கூடக் கிடைக்கும். இனிப்பான கருப்பணி வேணும் எண்டா முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசுறாங்களே, பீஎச் கூடிப்போய் இந்தக் கூட்டம் எழும்பாம இருக்கத்தான்.

தயிரும் சில நேரம் இழுபடும், தேர்மோஃபிலஸ்ல சில வகைகள் நீளச் சங்கிலிச் சீனி செய்யும், மணம் ருசி நல்லாயிருந்தா பயமில்ல. கெட்ட மணமோட இழுபட்டா அது வேற கிருமி.

பால்ல முதல்லயே சீனி போட்டு உறைய வைக்கலாமா?

கொஞ்சமா எண்டா ஏலும். 10 வீதத்தைத் தாண்டினா வெளியச் செறிவு கூடிக் கலத்தில இருந்து தண்ணி போகும், பற்றீரியா மந்தமாகும், உறைய நேரமெடுக்கும். சீனி கூடினா கெதியாப் புளிக்கும் எண்டு சிலர் நினைக்கிறாங்க, நடக்கிறது மாறி. உறைஞ்ச பிறகு போடுங்க.

எல்லாம் சரியாத்தான் செய்தன், பால் உறையல்ல. ஏன்?

முதல்ல பால் எங்க இருந்து வந்தது எண்டு கேளுங்க. மடிவீக்கத்துக்கு மாட்டுக்குப் பெனிசிலின் ஊசி போட்டு, வைத்தியர் சொன்ன நாள் கழியாம அந்தப் பாலைக் கறந்து வித்தா அதுல மருந்து இருக்கும், தேர்மோஃபிலஸ் பெனிசிலினுக்குச் சரியான பயந்த ஆள், கொஞ்சம் இருந்தாலே நிண்டுடும், பாலைக் காய்ச்சினாலும் அந்த மருந்து முழுக்க அழியாது. இது தயிர்ப் பிரச்சினை மட்டுமில்ல, பிள்ளைகள் குடிக்கிற பால்ல மருந்து வாறது. பால் விக்கிறவங்களும் வாங்குறவங்களும் இதுல கண்ணா இருக்கவேணும்.

அடுத்தது சூடு. பால் கையில சுடும்போதே உறை ஊத்தினா பற்றீரியா செத்துடும். யோகட் சோடிக்கு 42, 43 பாகை தோதானது, லக்டோகொக்கசுக்கு 30 பாகை அளவு, நம்மட ஊர் வெக்கைக்கு அது தானாவே கிடைக்குது. மூண்டாவது பேஜ் எண்ட வைரசு, பற்றீரியாவையே தாக்குறது, ஒரே உறையைப் பெரிய அளவில திரும்பத் திரும்பப் பாவிக்கிற இடங்கள்ல வரும். சட்டி பாத்திரத்தைக் கொதிதண்ணியில கழுவி உறையை மாத்திப் பாருங்க.

பாடப்புத்தகத்தில உள்ள லக்டோபசிலஸ் பேரெல்லாம் மாறிட்டுதாமே?

ஓம், 2020ல அந்தப் பெரிய சாதியை, அதாவது பேரினத்தை, 25 சாதியாப் பிரிச்சிட்டாங்க. பிளான்டாரம் இப்ப லக்டிபிளான்டிபசிலஸ், ஃபெர்மென்டம் லிமோசிலக்டோபசிலஸ். பல்காரிக்கஸ் பழைய பேர்லதான் இருக்கு. வந்தாறுமூலையில விவசாய பீடத்தில படிக்கிற பிள்ளைகள் புதுப்பேரை எழுதுங்க, ஏ.எல். பிள்ளைகள் உங்கட புத்தகத்தில உள்ளபடி எழுதினாப் போதும்.

உறைமோரைக் கனநாள் வச்சிருந்தாலும் வேலை செய்யுதே, சாப்பாடு இல்லாம எப்பிடி இருக்கு?

இந்தக் கேள்விதான் எனக்கு ஆகப் பிடிச்சது. பட்டினி கிடக்கிற லக்டோகொக்கஸ் தன்ட கலத்துக்குள்ள பி.ஈ.பி.யைச் செலவழிக்காம வச்சிருக்கும். சீனி நிண்ட உடனே கலத்துக்குள்ள தனிப் பொஸ்பேற்று கூடும், அது பைருவேற்று கைனேசு எண்ட நொதியத்தைப் பூட்டிப்போடும், அதால பி.ஈ.பி. பைருவேற்றாகாம அப்பிடியே தேங்கி நிக்கும். மேல சொன்னன்தானே, சீனியை உள்ள இழுக்கிற வாசலுக்கு வேண்டியது அந்தப் பி.ஈ.பி.தான். ஆக, ஏடீபீ தீந்துபோய்க் கிடந்தாலும் சீனி கண்ட அந்த நொடியே இழுத்துக்கொள்ள ஆயத்தமா இருக்கும். புதுப்பால் பட்ட உடனே லக்டோசு உள்ள வரும், கிளைக்கோப்பகுப்பு தொடங்கும், பொஸ்பேற்று குறையும், பூட்டுக் கழரும். 1970களில இதை லக்டோகொக்கசுல வடிவா அளந்து காட்டினாங்க.

அதே காலத்தில மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில லாரி மக்கே எண்டவர்ட குழு இன்னொண்டு காட்டினது: லக்டோகொக்கஸ்ல லக்டோசு எடுக்கிற மரபணுக்கள் பிரதான நிறமூர்த்தத்தில இல்ல, பிளாஸ்மிட் எண்ட தனி வளையத்தில இருக்கு, அந்த வளையம் தொலைஞ்சா அந்தக் கலத்துக்கு லக்டோசு எடுக்கத் தெரியாமப் போயிடும். பால்ல வளரும் வரைக்கும் தொலைச்சதுகள் பின்தங்கிடும், வச்சிருக்கிறதுகள்தான் பெருகும், அதால உறையை எப்பவும் பால்லயே புதுப்பிக்கவேணும். பழைய தயிர்ல நடுவில இருந்து, மேல் ஆடையும் பச்சைத் தண்ணியும் இல்லாத இடமாப் பாத்து, சுத்தமான காஞ்ச கரண்டியால எடுங்க, ஆறின காய்ச்சின பால்ல கலந்து உறைய வச்சு உடனே குளிர்ல வைங்க, ஒரு கிழமைக்கு ஒருக்கா இப்பிடி மாத்தினீங்கண்டா கடையில உறை தேடத் தேவையில்ல.